சித்தியின் மணிக்கட்டு

அன்புள்ள அம்மா, படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடுங்கள். அப்பாவுக்குக்கூடக் காட்ட வேண்டாம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? கர்த்தர் கிருபையால் சித்தி வீட்டில் எனக்குக் குறையில்லை.

ஒரு வேலைக்கு எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து எழுதுவது இந்த வருடம் எங்களுக்கு என்ஜினீயரிங்கில் ஒரு பாடம். டோரதி சித்தி ஊதுபத்தி உருட்டும் பட்டறைக்கே கடிகாரத்தோடு போனேன். "எங்க புள்ள மார்க் வாங்கணும், கை பறக்கட்டும்டி!" என்றார் சித்தி. எல்லோரும் சிரித்துக்கொண்டே உருட்டினார்கள். எனக்காகக் காட்டிய வேகம் என்று யோசிக்காமல் அப்படியே எழுதினேன். அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு முதலாளி என் நோட்டை வாங்கிப் பார்த்தார். மறுநாளிலிருந்து அதே கூலிக்குத் தினமும் ஆயிரம் பத்தி அதிகம் உருட்ட வேண்டும்.

நேற்று சித்தியின் வீங்கிய மணிக்கட்டுக்கு நான்தான் தைலம் தேய்த்தேன். "எந்தப் பாவி முதலாளிக்குச் சொல்லிக் குடுத்தாளோ" என்றார். பாட்டிலில் மிச்சமிருந்த தைலத்தையும் ஊற்றித் தேய்த்தேன். இதைச் சொல்ல இங்கே எனக்கு யாரும் இல்லை, அம்மா.

நம் ஊரிலிருந்து கொள்ளேகால் பஸ்ஸில் இங்கே வருகிறவர்களிடம் ஒரு பாட்டில் தைலம் கொடுத்தனுப்புங்கள். அந்தக் கணக்கு தப்பு என்று முதலாளியிடம் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் சித்தியிடம் சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று நீங்கள்தான்...

சித்தி கதவைத் தட்டுகிறார். "கேரலு, தூங்கிட்டியா? கை விண்ணு விண்ணுனு வலிக்குதுடி." இப்போதே சொல்லிவிடுகிறேன்.