பதினான்காம் சட்டியின் அடியில் இருந்த கோடு

நவம்பர் 9, ஞாயிறு, காலை 11:20. உன் வீட்டுச் சமையலறைத் தரை. வார்ப்பிரும்புச் சட்டிகள்: பதின்மூன்று. பதினான்கு இருந்திருக்க வேண்டும்.

என் அருமை மச்சான் அந்தோணிக்கு,

நேற்றே மூன்று முறை எண்ணித் தேடிவிட்டேன். அடுப்புக்குக் கீழே, வாஷிங் மெஷினுக்குப் பின்னால், உன் கட்டிலுக்கு அடியில். அங்கே மலாய்க்காரர்கள் பாகுலு சுடும் இரும்பு அச்சு ஒன்று கிடந்தது. கேக் அச்சின் மேல் படுத்துத் தூங்கிய ஒரே ஆள் நீயாகத்தான்டா இருப்பாய்.

மழையில் பைக் சறுக்கி நீ போனாய். முப்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. உன் அம்மா அடுத்த மாதம் அக்கா வீட்டுக்குக் குடிபோகிறார். அங்கே சமையலறை சின்னது. "எதை வெச்சுக்கலாம், எதை வித்துடலாம்னு நீயே பாத்துச் சொல்லுப்பா ரஃபீக்கு. உனக்குத்தான் இரும்பு தெரியும்" என்றார்.

எனக்குத்தான் இரும்பு தெரியும்! இப்போது அந்த வார்த்தையை நினைத்தாலே எரிகிறது.

நேற்றுக் காலை வந்து உட்கார்ந்தேன். ஒவ்வொன்றையும் கவிழ்த்து, ஸ்டீல் ஸ்கேல் வைத்துக் கோணல் பார்த்தேன். விரல் மூட்டால் தட்டினேன். விரிசல் விட்டது மந்தமாகக் கேட்கும், நல்லது கணீரென்று நிற்கும். உள்பக்கம் தடவினேன். பழைய சட்டியைக் கடைந்து மழமழவென்று ஆக்கியிருப்பார்கள். இப்போது வருவதில் பாதிக்கு மேல் மணல் காகிதம் மாதிரி. ஐந்தாம் நம்பரைப் பெரிய பழசு என்று பீற்றிக்கொண்டாயே, அது நேற்றுப் பிறந்த சரக்கு. வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்து உன்னிடம் தள்ளியிருக்கிறார்கள். சந்தோஷமா?

பதினான்காவது எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அதுவா? பழைய சாமான் கடைக்காரர் வந்தாருல்ல, அவர்கிட்ட சும்மாவே கொடுத்துட்டேன். அதுலதான் ஆகாதுன்னு நீ எழுதி ஒட்டியிருந்தியேப்பா."

ஒட்டியிருந்தேன். மூன்று வருஷத்துக்கு முன்பு. துவாஸ் கப்பல் பட்டறையில் வெல்டிங் சோதிக்கிற நான் அப்போதுதான் இன்ஸ்பெக்டர் பரீட்சையில் லெவல் டூ பாஸாகியிருந்தேன். என் கண்ணில் பட்டதெல்லாம் வெல்டிங். நீ அந்தத் தட்டைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். அதன் அடியில், நடுவில், ஒரு விரல் நீளத்துக்குப் புடைத்த கோடு.

"டேய், இது ரொம்பப் பழசுடா. தட்டிப் பாரு, பூசை மணி மாதிரி கேக்குது."

"மணியாவது மண்ணாவது லா. இது வெல்டிங். எவனோ ஒடஞ்சதை ஒட்டி உன் தலையில கட்டிட்டான்."

அதோடு விட்டேனா? கூட்டாளிகள் ஆறு பேர் முன்னால் பட்டறையில் விரிசல் பார்க்கிற சிவப்புச் சாயத்தை அடித்து, துடைத்து, அதன் மேல் வெள்ளைப் பவுடரும் அடித்துக் காட்டினேன். கோட்டின் ஓரமெல்லாம் சிவப்பு கசிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். டேப்பில் "வெல்டிங் ரிப்பேர். ரிஜெக்ட். இன்ஸ்பெக்டர் ரஃபீக்" என்று எழுதி ஒட்டினேன். நீயும் சிரித்தாய். ஆனால் டேப்பை உரிக்கவில்லை. அந்தச் சட்டியை அடுப்பில் ஏற்றவும் இல்லை. டேப்போடு ஆணியில் தொங்கவிட்டாய். கோபித்துக்கொண்டாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன்.

நேற்று மதியம் உன் நோட்டு கிடைத்தது. ஒரு சட்டிக்கு ஒரு பக்கம். பதினான்காம் பக்கத்தில் அந்தக் கோட்டைப் படமாகவே வரைந்து வைத்திருக்கிறாய். "கேட் மார்க். அந்தக் காலத்தில் அச்சின் அடியில் ஒரு பிளவு வைத்து இரும்பை ஊற்றுவார்கள். ஆறியதும் அந்த வாயில் நின்ற இரும்பை உடைத்தெடுப்பார்கள். உடைத்த இடம் கோடாக நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு."

உடைத்த இடம். ஒட்டிய இடம் இல்லை. சொரசொரப்பான வார்ப்பில் விரிசலே இல்லாவிட்டாலும் சாயம் தங்கும். இது நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பதில் மச்சான்!

அதற்குக் கீழே இன்னும் மூன்று வரி. "அவன் லெவல் டூ லா. அவனா ஒரு நாள் கண்டுபிடிப்பான். அன்னைக்குத்தான் இதுல முதல் தோசை, அவனுக்கு."

ஒரு நாள் என்றால் எந்த நாள்டா? ஒரு மெசேஜ் அனுப்பினால் உன் கை தேய்ந்துவிடுமா? நான் குதித்திருப்பேன், கத்தியிருப்பேன், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன். அதற்காக மூன்று வருஷம் காத்திருப்பாயா?

உடனே தேக்காவுக்குப் போனேன். சந்தையைத் தாண்டி ஒரு சந்தில் அந்தப் பழைய சாமான்காரர் கடை. குத்துவிளக்குகளுக்கு நடுவில், கண்ணாடிக்குப் பின்னால், உன் சட்டி கவிழ்ந்து கிடந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் என் டேப்பின் பசை இன்னும் போகவில்லை. விலைச்சீட்டில் "பத்தொன்பதாம் நூற்றாண்டு, கேட் மார்க்". விலை, என் அரை மாதச் சம்பளம்.

"வீட்டுக்கு வந்தப்பவே உங்களுக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும்."

"அப்ப அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"தம்பி, இன்ஸ்பெக்டரே கையெழுத்துப் போட்டு ரிஜெக்ட்னு ஒட்டியிருக்காரு. அவரை எதிர்த்துச் சொல்ல நான் யாரு?"

"அந்த இன்ஸ்பெக்டர் நான்தான்."

மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப எங்கிட்ட ஏன் லா கத்துறீங்க? உங்க கையெழுத்துகிட்ட போய்க் கத்துங்க."

திருடன் என்றேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் சிரிப்பை நிறுத்திக் கடையைச் சாத்தினார். சாத்திக்கொண்டே சொன்னார்: தஞ்சோங் பகார் பக்கம் கஃபே நடத்துகிறவர்கள் கேட்டிருக்கிறார்களாம். செவ்வாய்க்கிழமை வந்து எடுத்துப்போய், வார்னிஷ் அடித்துச் சுவரில் மாட்டுவார்களாம். தோசை வார்க்கிற இரும்பை! வார்னிஷ் அடித்து!

இன்று ஞாயிறு. கடை கிடையாது. அம்மா பூசைக்குப் போயிருக்கிறார், இன்னும் எதுவும் தெரியாது. தெரிந்தால் சும்மா தூக்கிக் கொடுத்தோமே என்று தன்னைத்தான் திட்டிக்கொள்வார். அவர் என்ன தப்புச் செய்தார்? மகனின் கூட்டாளி எழுதியதை நம்பினார். உன்னைத் திட்டலாமென்றால் நீ இல்லை. மிச்சம் இருப்பது நான்தான்.

செய்யப்போவது இதுதான்.

1. நாளை வேலைக்கு லீவு போடுகிறேன். கடை திறக்குமுன் வாசலில் நிற்பேன். திருடன் என்றதற்கு மன்னிப்புக் கேட்பேன். அவர் செய்தது அயோக்கியத்தனம்தான். அதைச் சட்டி கைக்கு வரும்வரை சொல்லமாட்டேன். எனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

2. சீட்டில் போட்ட விலைக்கே வாங்குவேன். பேரம் பேசுகிற யோக்கியதை எனக்கு இல்லை.

3. தரமாட்டேன் என்றால் செவ்வாய்க்கிழமை கஃபேக்காரர்கள் வரும்வரை அங்கேயே நின்று, அவர்களிடம் உன் நோட்டைக் காட்டிக் கேட்பேன்.

4. அம்மாவிடம் உட்கார்ந்து சொல்வேன்: கொடுத்தது தப்பில்லைம்மா, நான் எழுதினதுதான் தப்பு. அந்த ஆறு பேருக்கும் அதையே அனுப்புவேன்.

5. பதினான்காம் பக்கத்தில், உன் மூன்று வரிக்குக் கீழே, என் இன்ஸ்பெக்ஷன் முத்திரையைக் குத்துவேன். ஏற்கப்பட்டது.

6. பசையைச் சுரண்டி, எண்ணெய் பூசிப் பழக்கி, இந்த அடுப்பிலேயே முதல் தோசை வார்ப்பேன். பிய்ந்து வந்தாலும் நானே தின்பேன். சத்தியம்.

தப்பைக் கண்டுபிடிக்க மூன்று வருஷம் எடுத்துக்கொண்ட உன் மச்சான்,
ரஃபீக்