தபாலில் ஆடிய கோட்டை ஆட்டம்

ஸ்ரீபெரும்புதூர்,
4.8.1991, ஞாயிறு.

அன்புள்ள கலைமதிக்கு,

கோதா எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சௌக்கியம். அங்கே நீயும் உன் கணவரும் உன் மாமியார் ராஜம்மா அவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மொத்தம் ஐந்து வரி. இனிமேல் தாங்கள் எனக்குக் கடிதம் போட வேண்டாம், விளையாட்டுக் காகிதங்களை எல்லாம் எரித்துவிடவும் என்று எழுதியிருந்தாய். கையெழுத்து உன்னுடையதுதான். ஆனால் எட்டு வருஷப் பழக்கத்தில் நீ என்னைத் 'தாங்கள்' என்று எழுதியதே இல்லை. பக்கத்தில் யாரோ உட்கார்ந்து சொல்லச் சொல்ல நீ எழுதியது போல எனக்குப் பட்டது. அதனால் இந்தக் கடிதத்தை உன் வீட்டில் எல்லோரும் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். படிக்கட்டும். மறைக்க ஒன்றுமில்லை.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் நெய்வேலி முகவரியைப் போலீசாரிடம் கொடுத்தது நான்தான். நம்மோடு ஆடும் யாக்கோபு கொடுக்கவில்லை, ராஜசேகரும் கொடுக்கவில்லை. ஒரு போலீஸ்காரர் உன் வீட்டு வாசலில் வந்து நின்று, அக்கம்பக்கத்தார் பார்க்க உன்னை விசாரித்தார் என்றால் அதற்கு நான் கொடுத்த துண்டுச் சீட்டுதான் காரணம். அதற்காக உன்னிடமும் உன் வீட்டாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஏன் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும் இல்லையா? மே மாதம் இருபத்தொன்றாம் தேதி நம் ஊரில் குண்டு வெடித்தது உனக்குத் தெரியும். அதற்கப்புறம் இந்த ஊரில் யாரும் சத்தம் போட்டுப் பேசுவதில்லை. வாடகைக்கு இருக்கும் வெளியூர் ஆட்களின் அறைகளை எல்லாம் போலீசார் சோதனை போட்டார்கள். ஜூன் பத்தாம் தேதி ஒரகடத்தில் யாக்கோபு தங்கியிருக்கும் அறைக்கும் வந்தார்கள். ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்தால் நான் டைப் அடித்து அனுப்பிய பதினொரு கடிதங்கள், கூடவே ஒரு கோட்டையின் வரைபடம். மேலே இருந்த கடிதத்தில் என்ன இருந்தது தெரியுமா? 'பௌர்ணமியன்று வடக்கு வாசல். செம்பருத்தி எண்ணெய்க் குடங்களோடு வருவாள். காவலர் இருவர். ' கீழே 'நடத்துனர்' என்று என் கையெழுத்து. வேறொரு சமயமாக இருந்தால் நாமே சிரித்திருப்போம்.

"ஐயா, இது வெளையாட்டு தாம்யா, சும்மா கதை" என்று யாக்கோபு தன் தெற்கத்திப் பேச்சில் சொன்னாராம். அந்தப் பேச்சைக் கேட்டதும் இலங்கைத் தமிழோ என்று அவர்களுக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. இருபத்தெட்டு வயது ஆள் விளையாடுகிறான் என்றால் யார் நம்புவார்கள்? அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் காலை ஒரு கான்ஸ்டபிள் நம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு வந்து நடத்துனர் யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். பஸ்ஸில் வேலை செய்கிறாயா என்று கேட்டார், பிறகு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்.

அப்பா கோயில் கைங்கர்யத்தில் இருப்பவர், ஸ்டேஷன் படி மிதித்ததில்லை. என்னைப் போக வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. மேல் துண்டைப் போட்டுக்கொண்டு கூடவே கிளம்பினார். நான் ஆட்ட நோட்டு, என் தம்பி ஜனார்தன் அனுப்பிய ஆட்ட விதிகளின் ஆங்கில ஜெராக்ஸ், லூடோ பகடை, உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் சத்தம் போடவில்லை. கண் சிவந்து, பல நாள் தூங்காதவர் மாதிரி இருந்தார். நான் ஆளுக்கொரு வேஷம், எல்லோரும் சேர்ந்து ஒரு கதை, பகடை விழுவதைப் பொறுத்து நடப்பது மாறும் என்று விளக்கினேன். "இதுல யாரு ஜெயிப்பாங்க?" என்று கேட்டார். யாரும் ஜெயிப்பதில்லை என்றேன். "ஜெயிக்காத ஆட்டத்த எதுக்கும்மா ஒண்ணரை வருசமா ஆடிக்கினு கீறீங்க?" என்றார். கலைமதி, இதை ஆடித்தான் காட்ட வேண்டும் என்று தோன்றியது.

"சார், நீங்கதான் வடக்கு வாசல் காவலர். எண்ணெய் விக்கிற பொம்பளை ஒருத்தி நாலு குடத்தோட வரா. உள்ளே விடுவீங்களா?" என்று கேட்டேன். யோசிக்காமல், "குடத்தத் தொறந்து காட்டச் சொல்லுவேன்" என்றார். மூன்று குடத்தில் எண்ணெய், நாலாவதைத் திறக்க மாட்டேன் என்கிறாள் என்றேன். "அதத்தான் மொதல்ல தொறப்பேன்" என்று நாற்காலியை முன்னால் இழுத்தார். பகடையை அவர் கையில் கொடுத்தேன். நாலு விழுந்தது. குடத்துக்குள் ஒரு கைக்குழந்தை, கோட்டைக்குள் இருக்கும் அதன் தாயிடம் கொண்டுபோகிறாள் என்றேன். பகடையை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார். பின்னால் நின்ற கான்ஸ்டபிள், "உட்ருங்க சார், பாவம்" என்றார். அப்பாவுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது.

அதோடு முடியவில்லை. அவர் பகடையை மேஜையில் வைத்துவிட்டு, எல்லா ஆட்களின் முகவரியும் வேண்டும் என்றார். "நான் நம்புறேம்மா. ஆனா என் வேலய நான் செய்யணும்ல? இந்த ஊர்ல உசுரு போயிருக்குது" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. உன் பெயரை மறைக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். புதிதாகக் கல்யாணமாகிப் போனவள், அந்த வீடு எப்படியோ என்று. ஆனால் உன் வேஷமான செம்பருத்தி எல்லாக் கடிதத்திலும் இருக்கிறாள். அவளை மட்டும் ஒளித்தால் யாக்கோபு உள்ளேயே இருப்பார். எழுதிக் கொடுத்தேன். யாக்கோபுவை அன்று சாயங்காலம் விட்டுவிட்டார்கள். நோட்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது.

இனி வரும் பத்தி ராஜம்மா அம்மாவுக்கு. அம்மா, கலைமதி ஆண்களோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தாள் என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கலாம். அவள் எந்த ஆணுக்கும் ஒரு வரி எழுதியதில்லை. இந்த ஆட்டத்தில் ஒருவர் இன்னொருவருக்கு நேராக எழுதக் கூடாது என்று தபாலில் ஆடத் தொடங்கிய முதல் நாளே சட்டம் போட்டிருந்தேன். எல்லோரும் எனக்கு எழுதுவார்கள். நான் அதைக் கதையாக்கி, கார்பன் வைத்து மூன்று பிரதி டைப் அடித்து மூவருக்கும் அனுப்புவேன். அந்த ஆண்களின் பெட்டியில் இருந்தவை முழுக்க நான் எழுதியவை. பெயர் கெட வேண்டுமென்றால் என் பெயர்தான் கெட வேண்டும். ஏற்கெனவே காஞ்சிபுரத்திலிருந்து வருவதாக இருந்த ஒரு வரன் வரவில்லை. போகட்டும்.

கலைமதி, அந்த ராஜசேகர் முதலில் இன்ஸ்டிடியூட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். பிரஸ் மெஷினில் வலது கையில் மூன்று விரல் போனவருக்கு டைப்பிங் எதற்கு என்று ஓனர் கேட்டபோது, மீதி ஏழு இருக்கிறதே என்று நீதான் சண்டை போட்டுச் சேர்த்துக்கொண்டாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசல் கதவைத் திறந்து வைத்து, பெஞ்சைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஆட ஆரம்பித்தோம். ஆரம்பத்தில் ராஜசேகர் கதைக்குள் கண்ணில் பட்டவனை எல்லாம் வெட்டினார். யாக்கோபு வாயைத் திறக்கவே இல்லை. நான் வெட்டுகிறவரை அடக்கப் பார்த்தேன். நீ பேசாதவரிடம் கேள்வி கேட்டாய். ஆட்டம் சரியானது நீ செய்ததால்தான். நடத்துகிறவள் கெட்டிக்காரியாக இருந்தால் போதாது, யார் இன்னும் பேசவில்லை என்று பார்க்கத் தெரிய வேண்டும் என்று அன்றுதான் புரிந்துகொண்டேன். ஆட்டத்துக்கு மட்டுமில்லை, நாலு பேர் கூடும் எந்த இடத்துக்கும் அது பொருந்தும்.

உன் கல்யாணம் நிச்சயமானதும் நான் நோட்டை மூடப் போனேன். "நான் போனா ஆட்டம் நின்னுடணுமா இன்னா? தபால்ல ஆடலாம்டி" என்றாய். அந்தக் குரலைத்தான் அந்த ஐந்து வரியில் தேடித் தேடிப் பார்த்தேன்.

காகிதங்களை நான் எரிக்கவில்லை, எரிக்கவும் மாட்டேன். பயத்தில் எரித்தால் தப்பு செய்தோம் என்று நாமே ஒப்புக்கொண்டது போலாகும். ஆட்டமும் நிற்கவில்லை. இன்ஸ்டிடியூட்டில் இனி கூடாது என்று ஓனர் சொல்லிவிட்டார். அதனால் போன ஞாயிறு படப்பையில் ராஜசேகர் வீட்டில் ஆடினோம். கோட்டையை இப்போதைக்கு விட்டுவிட்டு, கடலில் படகு தொலைந்த கதையாக மாற்றியிருக்கிறேன், ஊர் இருக்கும் நிலையில் அதுதான் மரியாதை. ராஜசேகரின் மனைவி சசிரேகா அடுப்பங்கரையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தவர் திடீரென்று வந்து, "எனக்கும் ஒரு ஆளு குடும்மா, நானும் வரேன்" என்று உட்கார்ந்துவிட்டார். யாக்கோபு இரண்டு மணி நேர ஓ.டி.யை விட்டுவிட்டு வந்திருந்தார்.

செம்பருத்தியை என்ன செய்வது என்று கேட்டார்கள். ஊரை விட்டுப் போய்விட்டாள் என்று எழுதிவிடலாம் என்றார் ராஜசேகர். முடியாது என்றேன். ஒருவர் வர முடியாதபோது அவருடைய ஆளைக் கொல்லவோ அனுப்பவோ இன்னொருவர் கையில் கொடுக்கவோ நடத்துகிறவளுக்கு உரிமை கிடையாது. போவதா இருப்பதா என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

நேற்று பென்னலூருக்குப் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். தலை ஆடிக்குக்கூட உன்னை அனுப்பவில்லை, உன் அப்பா இரண்டு முறை அழைக்க வந்தும் உள்ளே இருக்கிறாள், உடம்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னார். அதைச் சொல்லும்போது சின்னப்பொண்ணு அம்மா அழவில்லை. அரிசி புடைத்துக்கொண்டே இருந்தார். முறத்தில் கல் எல்லாம் பொறுக்கி முடிந்த பிறகும் புடைத்துக்கொண்டே இருந்தார்.

வரும் ஞாயிறு, பதினொன்றாம் தேதி, உன் அம்மாவும் நானும் முதல் பஸ்ஸுக்குத் தாம்பரம் போய் அங்கிருந்து நெய்வேலி வருகிறோம். என் அப்பாவும் வருகிறேன் என்கிறார். மூன்று பேரும் உன் வீட்டு வாசலுக்கு வருவோம். விசாரணை முடிந்தது, யார் மேலும் குற்றமில்லை என்று இன்ஸ்பெக்டர் சொன்னதை உன் கணவரிடம் என் வாயால் சொல்வேன். திட்டினால் கேட்டுக்கொள்வேன், என் மேல் தப்பிருக்கிறது. வர வேண்டாம் என்று கடிதம் போட வேண்டாம். போட்டாலும் வருவோம்.

ராஜம்மா அம்மாவுக்கு என் நமஸ்காரம். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாங்கள் வரும்போது கலைமதியை வாசலுக்கு வரச் சொல்லுங்கள். அவள் நன்றாக இருக்கிறாள் என்பதை அவள் அம்மா கண்ணால் பார்க்கட்டும். அதன்பிறகு நீங்கள் அனுமதித்தால் ஐந்து நிமிஷம் நான் அவளோடு தனியாகப் பேச வேண்டும். ஆட்டத்தைப் பற்றிப் பேச மாட்டேன்.

கலைமதி, வேளைக்குச் சாப்பிடு. பயப்படாதே. பெருமாள் உன்னோடு இருப்பார், ஞாயிற்றுக்கிழமை நாங்களும் இருப்போம்.

உன்,
கோதா.