மாடிக் கதவு திறக்காத மூன்று நாள்

திங்கள், ஆகஸ்ட் 4

காலையிலேயே புழுக்கம். கதவு சாஃப்ட்வேருக்குப் புது வெர்ஷன் போடச் சென்னையிலிருந்து ஆள் வந்திருந்தார். எங்கள் பட்டுப்புடவைக் கம்பெனியில் யாருடைய கார்டு எந்தக் கதவைத் திறக்கலாம் என்று போடுவது என் வேலை. அதனால் பாடம் முழுக்க எனக்குத்தான். புதிதாக வந்தவை:

— போனிலேயே கதவைத் திறக்கலாம்.
— கதவு அரை நிமிடத்துக்கு மேல் திறந்து கிடந்தால் அலாரம்.
— கார்டு வைத்தும் திறக்காமல் போனால், யார், எத்தனை மணிக்கு என்று போட்டோவோடு லிஸ்ட்.

"இதெல்லாம் முன்னாடியும் உள்ள பதிவாயிகினுதான் இருந்துச்சு மேடம். இப்பதான் நீங்க பாக்கலாம்" என்றார் வந்தவர்.

மதியம் தயிர்சாதம், தனியாக. ஊறுகாய் மறந்துவிட்டேன். தங்கை வனஜா இருந்திருந்தால் கொண்டுவந்திருப்பாள்.

செவ்வாய், ஆகஸ்ட் 5

தூறல். குடை எடுக்கவில்லை. மேனேஜர்: "அந்த லிஸ்ட்ட ஒரு தபா பாரும்மா. டிசைன் ரூம் பக்கம் யாராச்சும் பூந்துகினு இருந்தாங்களான்னு." புது டிசைன் வெளியே போய்விடும் என்ற பயம். அதனால் கீழே பேக்கிங்கில் இருப்பவர்களுக்கு மாடியில் அனுமதி இல்லை.

ஒருத்திக்கு மட்டும் நான் கொடுத்திருந்தேன். பேக்கிங்கில் இருந்த வனஜாவுக்கு. மதியம் சேர்ந்து சாப்பிட. பிப்ரவரியில் நானே அதை எடுத்தேன்.

எழுதியே விடுகிறேன். பெண் பார்க்க வந்தவர்கள் என்னை வேண்டாம் என்றதை வனஜா பேக்கிங்கில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். படியில் ஏறும்போது காதில் விழுந்தது: "பாவம், தங்கச்சிக்கு ஆயிடுச்சு, மூத்தது அப்படியே நின்னுகினு கீது." நேரே மாடிக்கு வந்து அவள் கார்டில் டிக்கை எடுத்தேன். ஒரு நொடி வேலை.

நான்காம் நாள் பெரணமல்லூர் ரோட்டில், புருஷன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனவள். சேலை சக்கரத்தில் மாட்டி விழுந்து, அங்கேயே உயிர் போய்விட்டது. முப்பத்திரண்டு வயது.

நடுவில் அந்த மூன்று நாளும் ஒரு போன் இல்லை, யாரிடமும் சொல்லி அனுப்பவில்லை. மாடி ஏறி வந்து அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னைவிட ரோஷக்காரி. இந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் அழாமல் இருக்கிறேன்.

லிஸ்ட் நாளைக்கு.

புதன், ஆகஸ்ட் 6

வெயில். லிஸ்ட் பார்த்தேன். முக்கால்வாசி அசட்டுத்தனம். வாட்ச்மேன் பேங்க் கார்டை வைத்து நாலு தடவை தேய்த்திருக்கிறார். சிரித்தேன்.

பிப்ரவரிக்குப் போனேன்.

வனஜா, மாடிக் கதவு. 10ஆம் தேதி, மதியம் 1.05.
11ஆம் தேதி, 1.07.
12ஆம் தேதி, 1.04, 1.05, 1.06.

போட்டோவில் கையில் இரண்டு டிபன் டப்பா. மூன்று நாளும் இரண்டு. கடைசி நாள் தலையைத் தூக்கி நேராகக் காமிராவைப் பார்க்கிறாள். உள்ளேயிருந்து நான் பார்ப்பதாக நினைத்திருப்பாள். அப்போது அதை யாருமே பார்ப்பதில்லை வனஜா. நான் கதவுக்கு இந்தப் பக்கம், பத்தடி தள்ளி, சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

மேனேஜர்: "யாராச்சும் மாட்னாங்களாம்மா?"

"யாரும் இல்ல சார்."

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவள் வந்திருக்கிறாள். மூன்று நாளும் வந்திருக்கிறாள்.

வியாழன், ஆகஸ்ட் 7

மேகமூட்டம். கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும். ஜாக்கெட் இன்னும் தைத்து வரவில்லை.

நூறு நாளுக்கு மேல் பயன்படாத கார்டை நீக்கவா என்று ஸ்கிரீனில் கேட்டது. ஒரே ஒரு பெயர். வேண்டாம் என்று அழுத்தினேன். அப்படியே அந்தப் பெயருக்கு எதிரே, மாடிக் கதவுக்கு டிக் போட்டேன். பைத்தியக்காரத்தனம், தெரியும்.

இன்று இரண்டு டப்பா கொண்டுபோனேன். 1.04க்கு எழுந்து மாடிக் கதவைத் திறந்து, குறுக்கே நாற்காலியைப் போட்டேன். அரை நிமிடத்தில் அலாரம். கீழேயிருந்து வாட்ச்மேன்: "யம்மா, மேல கதவு தொறந்துகினு கீது, ஜல்தி சாத்துங்க."

1.07 வரை சாத்தவில்லை.