போட்டோவுக்குப் பழசு

29.10.2002, செவ்வாய்

தீபாவளிக்குன்னு எங்க ஜவுளிக்கடைப் பொண்ணுக ஆறு பேரும், மிச்சம் விழுந்த பிட்டுத்துணியில கடம்பூர் விடுதிப் பிள்ளைகளுக்கு கவுன் தச்சோம். வெள்ளிக்கிழமையே குடுத்தாச்சு. இன்னைக்கு மெட்ராஸ் தலைமைக் கடையிலருந்து மேனேஜர் பேனரும் கேமராவுமா, எங்களையும் கூட்டிக்கிட்டு விடுதிக்கு வந்தாரு. அவரு வாராருன்னு பிள்ளைக எல்லாம் புதுக் கவுன்ல நின்னுச்சு. அவருக்கு மூஞ்சி கோணிப்போச்சு.

"பழசை மாட்டிட்டு வரச் சொல்லும்மா. இப்படி நின்னா, நாம குடுத்தது போட்டோல எப்படித் தெரியும்?"

தூன்னு துப்ப வாய் வரைக்கும் வந்துச்சு. வேலை போயிரும்னு முழுங்கிட்டேன்.

சின்னவ ஒருத்தி என் கையப் பிடிச்சா. "எக்கா, திருப்பி வாங்கவா வந்திய?"

"இல்லட்டி"ன்னேன். சொல்லிக்கிட்டே அவ முதுகுப் பட்டனைக் கழட்டினேன். நான் தச்ச பட்டன்தான்.