தகரப் படத்தில் இரண்டு பேர்

லாஸ் பிலாஸ், குவானஹுவாத்தோ, மெக்சிகோ
2003 நவம்பர் 20

அன்புத் தம்பி நிக்கானோருக்கு,

அண்ணி ஹெர்லிண்டா எழுதுவது. இங்கே சோளம் அறுத்தாயிற்று. மாமாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. சிகாகோவில் பனி விழத் தொடங்கியிருக்கும். நீ கம்பளிச் சட்டை வாங்கினாயா என்றுதான் கவலை.

ஜூன் மாதம் நீ போனில், "அண்ணி, ரெண்டு பேரும் எல்லை தாண்டிட்டோம். அண்ணனுக்குத் தொண்டை கட்டியிருக்கு, பேச முடியல" என்றாய். என் ஃபிடென்சியோ போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அன்றைக்கே ஓவியர் இலாரியோவிடம் ஓடினேன். நேர்ந்துகொண்டபடி மாதாவுக்கு நன்றியாகத் தகரத்தில் படம் எழுதி வாங்கி, மாதா கோயில் சுவரில் மாட்டினேன். மேகத்தில் மாதா, கீழே மணலில் நீங்கள் இரண்டு பேரும் முழங்காலிட்டு. பக்கத்திலேயே மாமாவின் பழைய படம், கலிபோர்னியாவில் பீட்ரூட் வயலுக்குப் போன லாரி கவிழ்ந்து அவர் பிழைத்தது. ஞாயிறுதோறும் இரண்டையும் துடைத்துவிட்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "என்னைய அமெரிக்காக்காரனே வா வான்னு கூப்பிட்டு, மேலெல்லாம் மருந்துப் பொடி அடிச்சு ஏத்திக்கிட்டுப் போனான். எம் புள்ளைங்கள எவன் கூப்பிட்டான்? நடந்தே போய்ச் சேந்துட்டானுங்க பாரு" என்று பெருமையடிப்பார்.

அதன் பிறகு நீ ஐந்து முறை பேசினாய். ஐந்து முறையும் அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது, இல்லையென்றால் வேலைக்குப் போயிருந்தார். நம்பத்தான் எனக்கும் ஆசை. நம்பினேன்.

கல்லறைத் திருநாளன்று வீட்டுப் பீடத்தில் உன் அம்மாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தேன். அன்றைக்கு இறந்தவர்கள் தூரத்திலிருந்து தாகத்தோடு வருவார்களே. அவருக்கு வைக்கவில்லை. உயிரோடிருப்பவருக்கு யார் வைப்பார்கள்? மறுநாளிலிருந்து விடியலில் குடத்து மூடி நகரும் சத்தம் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்த்தால் யாருமில்லை.

போன வாரம், உங்களோடு நடந்துபோன எவரிஸ்தோவைப் பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோயிலுக்கு வந்தவன் அந்தப் படத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அழுதான். வெளியே கூட்டிப்போய்க் கேட்டேன். இரண்டாம் நாள் அவரால் நடக்க முடியவில்லையாம். உன் தண்ணீரையும் அவர் கையில் கொடுத்து உட்கார வைத்தாயாம். கூட்டிப்போனவன், "நிக்கிறவன் நில்லு, வர்றவன் வா" என்று கத்தினானாம். நீ திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாயாம்.

விட்டு வந்ததற்கு எனக்குக் கோபமில்லை தம்பி. ஐந்து மாதம் அவரைத் தாகத்தோடு அலையவிட்டாயே, அதற்குத்தான் வயிறு எரிகிறது. இப்போது நான் குடத்தை மூடுவதேயில்லை.

மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. இலாரியோவிடம் மட்டும் சொன்னேன். "பொய்ய மாதா முன்னால தொங்க விடாதீங்கம்மா. கழட்டிக் கொண்டாங்க, திருத்தித் தர்றேன். அவரு உக்காந்த எடத்துல என்ன இருந்துச்சு, பாறையா மரமா, அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்கிறார். அந்தப் பாலைவனத்தில் விழுந்துபோனவர்களைத் தேடிப் போகிற நல்லவர்கள் சிலர் இருக்கிறார்களாம், அவர்களும் அதைத்தான் கேட்பார்களாம். எவரிஸ்தோ முன்னால் நடந்துகொண்டிருந்ததால் தூரத்திலிருந்து அந்த இடம் அவனுக்குச் சரியாகத் தெரியவில்லையாம். உனக்குத்தான் தெரியும்.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள். நேரத்துக்குச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி. பாறையா மரமா என்று எழுது. அங்கே கொஞ்சமாவது நிழல் இருந்ததா என்றும் எழுது.

உன் அண்ணி,
ஹெர்லிண்டா