துபாய்க்குப் பொங்கச் சீர்

ஏங்க,

உங்களை எழுப்பாம நாகமலை புதுக்கோட்டைக்குச் சித்தாள் வேலைக்குக் கிளம்பிட்டேன். கம்மங்கூழ் சட்டியில இருக்கு. மோர்மிளகாய் வறுத்து மூடி வச்சிருக்கேன்.

"கட்டிக்குடுத்த மக காசுல துபாய் சுத்திப் பாக்க நான் என்ன வக்கத்தவனா?"ன்னு நேத்து கத்துனீங்களே, அதுக்குப் பதில் இன்னிக்குப் பல்லு விளக்குறப்பதான் வந்துச்சு. அஸ்வினி கல்யாணம் முடிஞ்ச கையோட மாப்பிள்ளை கூடத் துபாய்க்குப் பிளேன் ஏறிட்டா. அவளுக்குத் தலைப்பொங்கச் சீர் நாம இன்னும் குடுக்கவே இல்லையே! பித்தளைப் பானை, புதுத்துணி, பச்சரிசி, வெல்லம் எல்லாம் கொண்டு போவோம். சீரோட வர்ற தகப்பனைப் பாத்து எவன் சிரிப்பான்? டிக்கெட்டு அவ எடுக்குறது நம்ம வீட்டோட இருக்கட்டும்.

சீரை இறக்கி வச்சிட்டு மூணு நாளு ஊரு பாப்போம். படகுல போவோம், உசரக் கட்டடத்துல ஏறுவோம். தங்கக் கடைவீதியில சும்மா பாக்குறதோட சரி, பயப்படாதீங்க. எனக்கு இப்பவே சிரிப்பா வருது. செங்கல் சுமக்குறப்ப சிரிச்சா மேஸ்திரி என்னமோன்னு நெனைப்பாரு.

மத்தியானம் பாஸ்போர்ட் ஆபீசுக்கு ரெண்டு பேரும் போகணும். அரை நாள் லீவு சொல்லிட்டு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல நிப்பேன். வெள்ளைச் சட்டை போட்டுட்டு வாங்க.

ஒச்சம்மா

சாவியைப் பக்கத்து வீட்டுத் தாமரைச்செல்விகிட்ட குடுங்க. எங்கன்னு கேட்டா, மகளுக்குச் சீர் கொண்டு போறோம்னு தெருவுக்கே கேக்குறாப்ல சொல்லுங்க.

கரும்பைப் பிளேன்ல ஏத்துவாங்களான்னு அஸ்வினிகிட்ட கேக்கணும்.

நீங்க வரலைன்னா நானும் போகல. ஆனா ஜன்னல் சீட்டு எனக்குத்தான். அதுக்கு வேணும்னா சண்டை போடலாம், வாங்க.