பாதுகாப்பு உடைக்குள் நிற்கும் பெண்களுக்குச் சிறுநீர் கழிக்க வழி கேட்டு

அனுப்புநர்:
செ. அகிலா, பி.எஸ்சி.,
(த/பெ. செங்கல்வராயன்)
நாகலாபுரம், திருப்பதி மாவட்டம்.

பெறுநர்:
தொழிற்சாலைகள் ஆய்வாளர் அவர்கள்,
திருப்பதி.

பொருள்: தன்விகா ஊசிமருந்து ஆலையில் பணி நேரத்தில் பெண்கள் சிறுநீர் கழிக்க வழி செய்வதும், தாட்சாயணி என்பவரை மீண்டும் வேலையில் சேர்ப்பதும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் இந்த ஆலையில் மருந்து நிரப்பும் அறையில் வேலை செய்கிறேன். தெலுங்கிலும் எழுதத் தெரியும். ஆனால் இந்த விஷயத்தைத் தாய்மொழியான தமிழில் எழுதவே கை கூசுகிறது. பொறுத்துக்கொள்ளவும்.

1. அறைக்குள் கிருமி வராதிருக்கத் தலை முதல் கால் வரை மூடிய உடை அணிகிறோம். ஒரு ஷிப்டுக்கு ஓர் உடைதான். கழிப்பறை வெளியே உள்ளது. போவதென்றால் உடையைக் கழற்ற வேண்டும். கழற்றியதை மறுபடி அணியக் கூடாது. வேறு உடை தர மாட்டார்கள். வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஆய்வுக்கு வருவோரிடம் அந்தக் கழிப்பறையைக் காட்டுகிறார்கள். சுத்தமாகத்தான் இருக்கிறது. யாரும் போவதில்லை.

2. ஆகவே காலையில் எழுந்தது முதல் நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. கம்பெனி பஸ்ஸில் யாராவது பாட்டிலைத் திறந்தால் மற்றவர்கள் தடுக்கிறோம். மாதவிடாய் நாட்களில் லீவு போடுகிறோம். நீர்க்கடுப்பு வராதவர் எங்களில் குறைவு.

3. என் பக்கத்தில் நின்று வேலை செய்தவர் தாட்சாயணி. வயதில் மூத்தவர். "இன்னா டிகிரி, உன்னையும் மூட்டையா கட்டிட்டானுங்களா?" என்று தினமும் என்னைக் கேலி செய்வார். இம்மாதம் 11ஆம் தேதி மதியம் அவர் பேச்சு நின்றுவிட்டது. கால் மாற்றி மாற்றி நின்றார். வெளியே இருந்த மேற்பார்வையாளர் சுரேஷ்பாபுவிடம் கண்ணாடி வழியே கைகாட்டி அனுமதி கேட்டார். அவர் கடிகாரத்தைக் காட்டினார். சற்று நேரத்தில் தாட்சாயணி கால் மாற்றுவதை நிறுத்திவிட்டார். எனக்குப் புரிந்தது. ஷிப்ட் முடியும் வரை அப்படியே நின்று வேலை செய்தார்.

4. உடைகளைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் தாட்சாயணியின் உடை நனைந்திருந்ததைச் சுரேஷ்பாபு பார்த்துவிட்டு, "ஏம்மா, நீ இன்னா எல்.கே.ஜி. பாப்பாவா?" என்று எல்லோர் முன்பும் கேட்டார். சிலர் சிரித்தார்கள். சுகாதார விதியை மீறினார் என்று மறுநாளே தாட்சாயணியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதற்கடுத்த நாள் எங்கள் உடைகளின் மேல் பெரியவர்களுக்கான டயப்பர் ஒவ்வொன்று வைக்கப்பட்டிருந்தது. நிர்வாகம் செய்த ஏற்பாடு இதுதான். நானும் அணிகிறேன்.

ஷிப்டின் நடுவே கழிப்பறைக்குப் போக நேரமும், திரும்பி வந்து அணிய இன்னோர் உடையும் தர உத்தரவிட வேண்டுகிறேன். தாட்சாயணி மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்து அவரை வேலையில் சேர்க்க வேண்டும். அவர் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. நான் அழைத்தாலும் போனை எடுப்பதில்லை.

விசாரணைக்கு என்னை அழைக்கும்போது பெண் அதிகாரி ஒருவர் இருந்தால் நல்லது. ஆண்களிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. பெண் அதிகாரி இல்லையென்றாலும் அழையுங்கள், ஐயா. வந்து சொல்கிறேன்.

இடம்: நாகலாபுரம்
நாள்: 24.06.2024

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) செ. அகிலா